துரோணரின் சம்பளக் கணக்கு

விளையாட்டுப் பயிற்சியாளர் காசு வாங்கலாமா என்று கேட்டாலே நம்மவர்கள் குருகுலத்தை இழுத்து வந்துவிடுவார்கள். 1985 முதல் பயிற்சியாளர்களுக்கு இந்திய அரசு தரும் விருதுக்கே துரோணாச்சாரியார் பெயர்தான். அந்தத் துரோணரோ அஸ்தினாபுரத்து அரண்மனைச் சோற்றில் இருந்துகொண்டு வில்வித்தை கற்பித்தவர். தட்சிணையாகப் பாஞ்சால மன்னனையே பிடித்துக் கட்டி வரச் சொன்னவர். ஒரு நாள்கூடச் சொல்லித்தராத ஏகலைவனிடம் கட்டைவிரலையும் வசூலித்தார். மாதக் கட்டணத்துக்கு ரசீது கொடுக்கும் இன்றைய கோச், பாவம், எவ்வளவோ சாது.

முதல் ஆண்டே அவ்விருதைப் பெற்ற ஓ.எம். நம்பியார், விமானப்படையிலிருந்து வந்து கேரளத்தில் சம்பளத்துக்குப் பயிற்சி தந்தவர். 1984இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் அவருடைய மாணவி பி.டி. உஷா விநாடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தைத் தவறவிட்டதற்கு அந்தச் சம்பளம்தான் காரணம் என்று யாரும் சொன்னதில்லை. அப்படியானால் கட்டணம் கட்ட முடியாத ஏழைப் பிள்ளை எங்கே போகும்? நியாயமான கேள்விதான், ஆனால் அதை அரசிடம் கேட்க வேண்டும், கோச் வீட்டு அடுப்பிடம் அல்ல. சேவையை மட்டுமே நம்பினால், வேறு வருமானம் உள்ளவர்தான் மைதானத்தில் மிஞ்சுவார். காசு வாங்குபவர் எல்லாப் பிள்ளைகளையும் அடுத்த சச்சின் என்று பெற்றோரிடம் புளுகுவாரே என்பார்கள். புளுகுவார்தான். இலவச கோச் புளுகமாட்டார். ஆறு மணிப் பயிற்சிக்கு ஏழரைக்கு வருவார், ஏன் என்று கேட்க ஒருவருக்கும் வாய் வராது.