மாற்றுரை இலக்கணம்

படம் தெரியாதவருக்குப் படத்தின் இடத்தில் நின்று பேசுவது மாற்றுரை. உலக வழக்கில் ஆல்ட் டெக்ஸ்ட். அதைத் திரையை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடரும் படிக்கும், கூகுளும் படிக்கும். இந்த இரண்டாவது வாசகருக்கு ஆசைப்பட்டுத்தான் இலக்கணம் கெட்டது என்பது எம் துணிபு.

மாற்றுரையின் வகைகளில் முதலாவது இன்மையுரை, அதாவது எழுதாமலே விட்டது. அப்போது ஸ்கிரீன் ரீடர் பெரும்பாலும் கோப்பின் பெயரைப் படிக்கும். பாகான் டாலாமில் எங்கள் மேல்வீட்டு அண்ணனுக்குப் பார்வை இல்லை. ஒரு கல்யாணச் சமையல்காரரின் பக்கத்தைத் திறந்தார். "ஐ எம் ஜி அண்டர்ஸ்கோர் 2043" என்றது போன். "இது என்ன குழம்பு தம்பி?" என்றார்.

இன்மை வேறு, வெறுமை வேறு. பக்கத்தின் ஓரத்துக் கோலம், மாவிலைத் தோரணம் போன்ற வெறும் ஒப்பனைக்கு மேற்கோள்குறி இரண்டைப் போட்டு நடுவில் ஒன்றும் எழுதாமல் விடுவது வெறுமையுரை. ஸ்கிரீன் ரீடர் ஓசைப்படாமல் தாண்டிப் போகும். பந்தியில் இலையே போடாதது இன்மை. போதுமென்று இலையை மடித்தது வெறுமை. இரண்டையும் ஒன்றாக்குவோர் பலர்.

அடுத்தது அடுக்குரை. படத்தில் இருப்பது ஒரு வடை. உரையோ, "பினாங்கு கேட்டரிங், பட்டர்வொர்த் கேட்டரிங், மலிவு கேட்டரிங், பாகான் டாலாம் கேட்டரிங், கல்யாண கேட்டரிங்." அடுக்குக்கு நான்கே எல்லை என்று நன்னூலார் வகுத்தார், கூகுளும் இப்படிச் சொல் திணிப்பதைக் குப்பையாகவே எண்ணும். "வடையின் படம்" என்று தொடங்குவது கூறியது கூறல். படம் என்பதை ஸ்கிரீன் ரீடர் தானே சொல்லிவிடும்.

பொறியே எழுதும் பொறியுரை என்றும் ஒன்றுண்டு. ஃபேஸ்புக் 2016-இல் கொண்டுவந்தது. ஃபெர்ரி ஏறி ஜார்ஜ் டவுன் போனால் ஆர்மேனியன் சாலைச் சுவரில் எர்னஸ்ட் சகரெவிச் 2012-இல் வரைந்த பிள்ளைகளைக் காணலாம். அதற்கு "இரண்டு பேர், சைக்கிள்" என்கிற பாங்கில் பொறி உரைக்கும். பொய்யில்லைதான். "சுவரில் வரைந்த அக்காளும் தம்பியும் நிஜச் சைக்கிளில் போகிறார்கள்" என்பதே செவ்வுரை. அந்த வேடிக்கையைப் பார்க்கத்தானே கூட்டம் நிற்கிறது!

பிழைக்குத் தண்டம் உண்டோ எனின், உண்டு. சிட்னி ஒலிம்பிக் இணையதளத்தில் படங்களுக்கு மாற்றுரை இல்லை என்பதும் புரூஸ் மக்வயரின் புகார்களில் ஒன்று. அவருக்குப் பார்வை இல்லை. அமைப்பாளர்கள் 2000-இல் அவருக்கு 20,000 ஆஸ்திரேலிய டாலர் கொடுக்க வேண்டியதாயிற்று.

2043 மீன்குழம்பு. நான்தான் பார்த்துச் சொன்னேன்.