மண்டப வாசல் ஃப்ளெக்ஸ்: ஒரு காட்சிப் பனுவல் ஆய்வு

படமும் எழுத்தும் கூடிப் பொருள் தருவது காட்சிப் பனுவல். அதை ஆராய்வோர் நோக்கம், பார்வையாளர், சூழல், தொனி என்ற நான்கையும் கவனிப்பார்கள். தமிழ்நாட்டில் இந்த நான்குக்கும் தாராளமாகத் தீனி போடும் பனுவல், கல்யாண மண்டப வாசலில் மாப்பிள்ளையின் கூட்டாளிகள் வைக்கும் ஃப்ளெக்ஸ் பேனர்.

பிவிசி பூசிய துணியில் டிஜிட்டல் அச்சு, ரீப்பர் சட்டம், முட்டுக்கொடுக்கச் சவுக்குக் கட்டை: இதுவே இதன் உடற்கூறு. தூரிகையால் பேனர் எழுதிய காலத்தில் ஒவ்வொரு முகத்துக்கும் ஓவியரின் உழைப்பு தேவைப்பட்டது. முகங்கள் குறைவாக இருந்தன. ஃப்ளெக்ஸுக்கோ சதுர அடிக் கணக்கில்தான் காசு. ஒரு முகம் போட்டாலும் நாற்பது முகம் போட்டாலும் ஒரே விலை என்றானபின் காலியிடம் விடுவது நஷ்டம் என்ற கொள்கை பிறந்தது.

அறிவிக்கப்பட்ட நோக்கம், மணமக்களை வாழ்த்துவது. பரப்பளவு வேறு கதை சொல்கிறது. பத்துக்கு எட்டு பேனரில் மணமக்கள் ஒரு மேல்மூலையில் இருப்பார்கள். சில பேனர்களில் மணமகளுக்குப் பெயர் மட்டுமே. படம் கேட்டு வாங்க நேரமிருந்திருக்காது. மீதி இடம் முழுவதும் வாழ்த்துவோருக்கு. அவர்களில் ஒருவரை உற்றுப் பார்க்கலாம்: கூலிங் கிளாஸ், காதில் செல்போன், தோளில் யாருடையதோ ஒரு கை. பழைய குரூப் போட்டோவிலிருந்து ஆளை வெட்டியெடுத்த டிசைனர் கைக்குச் சொந்தக்காரரை நீக்கிவிட்டார், கையை மறந்துவிட்டார்.

பார்வையாளர் யார் என்பதே சிக்கலான கேள்வி. மணமக்கள் அல்லர்; கார் மண்டபத்துக்குள் திரும்பும் வேகத்தில் அவர்களால் எதையும் படிக்க முடியாது. பஸ்ஸில் போகிறவர்களும் அல்லர். அவர்களுக்கு இந்த முகங்களில் ஒன்றுகூடத் தெரியாது. பேனர் முன்னால் நின்று செல்ஃபி எடுப்பவர்களைக் கவனித்தால் விடை கிடைக்கும்: பேனரில் இருப்பவர்களே பேனரின் பார்வையாளர்கள். யார் தலை பெரிது, யார் தலை இரண்டாம் வரிசை என்ற நுண்வாசிப்பு அவர்களுக்கே கைவரும். காசு கொடுத்தும் படம் விடுபட்டவர் மொய் எழுதாமல் போவதுண்டு. விதிவிலக்கு பெண் வீட்டுப் பெரியம்மாக்கள். மாப்பிள்ளையின் சகவாசம் எப்படி என்று அறிய, இவர்கள் ஒரு முகம் விடாமல் படிக்கிறார்கள்.

தொனியில் ஒருமைப்பாடு எதிர்பார்க்கக் கூடாது. மேல்வரியில் ‘திருநிறைச்செல்வன்’ என்று பத்திரிகைத் தமிழ். நடுவே செய்தித்தாள் பாணியில் ‘சிக்கினான் மச்சான்’. அடியில் மறுபடி மிடுக்காக ‘இவண்’. மணமகனுக்கு நேர்ந்தது விபத்து என்ற பாவனையே நடுப்பகுதியின் அடிநாதம். இதே அச்சகம் கண்ணீர் அஞ்சலி பேனரும் போடுகிறது என்பதை இங்கே நினைவில் கொள்வது நல்லது.

சூழலில் சட்டமும் அடங்கும். உயிரோடு இருப்பவர்களின் படத்தைப் பேனரில் வைக்கக் கூடாது என்று 2017 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. வாழ்த்துவோர் அனைவரும் உயிரோடு இருந்ததால் இந்த வகைக்கு அது அப்போது பேரிடியாக இருந்தது; கண்ணீர் அஞ்சலிக்கோ, பிரதானப் படத்தைப் பொறுத்தவரை, தடையேதும் இருக்கவில்லை. கீழே வரிசைகட்டும் துயருறுவோர்தான் இடறலாக இருந்தார்கள்.

கல்யாணம் முடிந்ததும் சூழல் அடியோடு மாறுகிறது. சட்டத்திலிருந்து கழற்றிய ஃப்ளெக்ஸ் வைக்கோல் போருக்கு மூடாப்பாகிறது, ஒழுகும் ஓட்டுக்கூரைக்கு உள்விரிப்பாகிறது. நோக்கம் இப்போது ஐயத்துக்கு இடமற்றது: மழை இறங்கக் கூடாது. அச்சுப்பக்கம் கீழ்நோக்கி இருந்தால், மத்தியானம் அண்ணாந்து படுத்திருப்பவர் நாற்பது முகங்களையும் வரிசையாகப் பார்த்து முடிக்கிறார். பேனரில் இல்லாத, பெண் வீட்டாருமல்லாத ஒருவர் இதை முழுமையாக வாசிப்பது அப்போதுதான். அந்தக் கை யாருடையது என்று முதலில் கேட்பவரும் அவரே.