குற்றாலத்துக்கு ஏன் கப்பல் வரவில்லை

தென்காசிக்காரனுக்குத் தண்ணீரைத் தலையில் வாங்கத் தெரியும். அதன் மேலே மிதக்கத் தெரியாது. பக்கத்துக் குற்றாலத்தில் பேரருவி, ஐந்தருவி, சிற்றருவி, புலியருவி என்று எத்தனை இருந்தால் என்ன, எதிலும் படகு விட முடியாது. விட்டால் ஒரே திசையில்தான் போகும், அதுவும் ஒரே தடவைதான். அருவியிலிருந்து இறங்குகிற சிற்றாறோ தாமிரபரணியைப் போய்ச் சேருவதற்குள் ஊருக்கு ஊர் குளங்களுக்குப் பங்கு கொடுத்தே இளைத்துப்போகும். மிச்சம் இருப்பது ஐந்தருவி போகும் வழியில் வெண்ணமடைக் குளம். சீசனில் குளம் பெருகினால் சுற்றுலாத்துறை படகு விடும். பெரும்பாலும் பெடல் படகுதான். பார்டர் கடையில் பரோட்டாவை ஒரு கை பார்த்துவிட்டு வந்த சித்தப்பா இஞ்சின், பின்சீட்டில் இருக்கும் சித்தி ஹாரன்.

இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு அந்தக் காலத்துப் பெட்ரோல் படகு இஞ்சின்களைத் தேடுகிற ஆளை வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த இஞ்சின்களின் பூர்வீகத்தைக் கிளறிப் பார்த்தால் மனசு கொஞ்சம் சமாதானமாகிறது. அதை உண்டாக்கிய ஆட்களும் அப்படியொன்றும் தெளிவானவர்கள் இல்லை.

1880களின் அமெரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். நீராவிப் படகு வைத்திருப்பவர் பாய்லரைக் கவனிக்க லைசென்ஸ் பெற்ற இஞ்சினியர் ஒருவரையும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம். பாய்லர்கள் வெடித்து வெடித்து ஆட்களைக் காவு வாங்கியதால் வந்த சட்டம் அது. பணக்காரர்களுக்கு வெடிப்பதுகூடப் பெரிதாகத் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு உல்லாசமாகப் போகும்போது நடுவில் கரிபிடித்த சட்டையோடு ஒரு சம்பளக்காரர் உட்கார்ந்திருப்பதுதான் உறுத்தியது. ஸ்வீடனிலிருந்து குடியேறிய பிராங்க் ஆபெல்ட் என்பவர் இதற்கு வழி கண்டார். சட்டம் நீராவியைப் பற்றித்தானே பேசுகிறது? தண்ணீருக்குப் பதிலாக நாப்தாவைக் கொதிக்கவைத்தால் போயிற்று! நாப்தா பெட்ரோலுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். அதையே பாய்லருக்குள் கொதிக்கவைத்து, அதையே அடியில் அடுப்பாகவும் எரித்து, படகை ஓட்டினார்கள். அதாவது, வெடிக்குமே என்று பயந்து போட்ட சட்டத்திலிருந்து தப்பிக்க, தீப்பிடிக்காத தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டுத் தீப்பிடிக்கிற சரக்கை ஊற்றிக்கொண்டார்கள். மெக்கானிக்குக்கு வக்கீல் மூளையும் இருந்தால் இதுதான் நடக்கும். படகு நன்றாகவே விற்றது. டைனமைட் கண்டுபிடித்த ஆல்பிரெட் நோபலும் நாப்தாவில் ஓடும் அலுமினியப் படகு ஒன்றைச் சுவிட்சர்லாந்தில் செய்யச்சொல்லி வாங்கினார். அவர் ஒருவர் வாங்கியதில்தான் நியாயம் இருக்கிறது.

அதே காலத்தில் ஜெர்மனியில், கான்ஸ்டாட் என்ற ஊரில், காட்லீப் டைம்லர் தன் வீட்டுத் தோட்டத்துக் கண்ணாடிக் கொட்டகைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ராத்திரி பகலாக எதையோ தட்டிக்கொண்டிருந்தார். உள்ளே கள்ளப்பணம் அடிக்கிறார் என்று தோட்டக்காரர் போலீசில் சொல்லிவிட்டாராம். போலீஸ் வந்து பார்த்தால் இஞ்சின். ஏமாற்றத்தோடு திரும்பிப் போயிருப்பார்கள். கள்ளப்பணமாக இருந்தாலாவது பதவி உயர்வு கிடைத்திருக்கும்.

1886இல் அந்த இஞ்சினை ஒரு படகில் மாட்டி நெக்கர் ஆற்றில் விட்டார் டைம்லர். ஊர்க்காரர்கள் கிட்டேயே வரவில்லை. பெட்ரோல் அப்போது மருந்துக்கடையில் கறை போக்க வாங்குகிற சாமான். அதைப் படகில் வைத்துக் கொளுத்துவதா? டைம்லர் வாதாடவில்லை. படகைச் சுற்றிலும் பீங்கான் கப்புகளைப் பொருத்திக் கம்பியை இழுத்துக் கட்டினார். பார்த்தவர்கள், ஓகோ, மின்சாரப் படகு என்று நிம்மதியாக ஏறி உட்கார்ந்தார்கள். கம்பியில் கரண்டே கிடையாது. காலடியில் பெட்ரோல் எரிந்துகொண்டிருந்தது. பெட்ரோல் படகுப் பயணம் இப்படிப் பச்சைப் பொய்யோடுதான் கரையை விட்டுப் புறப்பட்டது. இரண்டு வருஷம் கழித்து பிஸ்மார்க்குக்கே ஒரு படகு போயிற்று. அவருக்கும் கம்பி கட்டிக் காட்டினார்களா என்று சரித்திரக்காரர்கள் மூச்சுவிடவில்லை.

மூன்றாமவர் ஓலே எவின்ரூட். நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் விஸ்கான்சினில் வளர்ந்தவர். ஏரி நடுவில் ஒரு தீவு. அங்கே பிக்னிக். கொளுத்துகிற வெயிலில் பெஸ் என்கிற பெண் ஐஸ்கிரீம் கேட்டாள். ஓலே கரைக்குத் துடுப்புப் போட்டுப் போனார், வாங்கினார், துடுப்புப் போட்டுத் திரும்பினார். கையில் வந்து சேர்ந்தது பால். நம் ஊர்ப் பையனாக இருந்தால் தனக்கும் ஒரு கரண்டி வாங்கிக்கொண்டு, உருகியது உன் ராசி என்று சொல்லியிருப்பான். ஓலே போய் இஞ்சின் செய்தார். படகின் பின்பக்கம் தொங்கவிடுகிற மாதிரி அவர் செய்ததைப் பார்த்துவிட்டு, அதற்குள் மனைவியாகிவிட்ட பெஸ், காபிக்கொட்டை அரைக்கிற மிஷின் போல இருக்கிறது என்றாராம். 1909இல் விற்பனைக்கு வந்தது. ஒன்றரைக் குதிரைச்சக்தி, எடை 62 பவுண்டு, விலை 62 டாலர். எங்கள் பக்கத்துப் பழைய இரும்புக் கடைக்காரர்கள் கணக்குப் போடுவதும் இதே முறையில்தான்.

இந்த இஞ்சின்களில் என் மனசுக்கு மிகவும் பிடித்தவை கனடாவின் நோவா ஸ்கோஷியா மீனவர்கள் ஓட்டிய ஒற்றை சிலிண்டர் இஞ்சின்கள். லூனன்பர்க் பட்டறையில் வார்த்த அட்லாண்டிக் என்கிற இஞ்சின் அந்தச் சாதி. கியர் கிடையாது, ரிவர்ஸ் கிடையாது. பின்னால் போக வேண்டுமானால் இஞ்சினை அணைக்க வேண்டும். கனத்த சக்கரம் சுற்றிச் சுற்றி ஓயும். கடைசியாக பிஸ்டன் மேலே ஏறத் திணறுகிற நேரம் பார்த்துச் சுவிட்சைத் தட்டினால், தீப்பொறி விழுந்து பிஸ்டனை வந்த வழியே உதைத்து அனுப்பும். இரண்டு ஸ்ட்ரோக் இஞ்சினுக்கு வலமும் ஒன்றுதான் இடமும் ஒன்றுதான். எதிர்ப்பக்கம் சுற்ற ஆரம்பித்துவிடும். கொஞ்சம் முந்தித் தட்டினால் படகு முன்னாலேயே பாய்ந்து துறைமேடையில் மோதும். பிந்தினால் இஞ்சின் நின்று, வந்த வேகத்தில் போய்த் துறைமேடையில் மோதும். அந்த மீனவர்கள் இதைக் காது கொண்டே செய்தார்கள்.

நம் பக்கத்துக்கு வருவோம். தூத்துக்குடி வக்கீல் வ.உ.சி. 1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தபோது பெட்ரோல் படகுக்கு இருபது வயது ஆகியிருந்தது. அவருக்கு வேண்டியது கொழும்புக்குப் போகிற கப்பல், அதனால் நீராவி. பங்கு 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு. காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் 1907இல் வந்து சேர்ந்தன. போட்டிக்கு நின்ற பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாக இறக்கியது. இவர் எட்டணா ஆக்கினார். வெள்ளைக்காரன் யோசித்தான்: டிக்கெட்டே வேண்டாம், சும்மா வா, கூடவே ஒரு குடையும் எடுத்துக்கொள் என்று அறிவித்ததாக எங்கள் பக்கம் சொல்வார்கள். குடை! தூத்துக்குடியில்! அதையே சீசன் நேரத்தில் குற்றாலத்தில் கொடுத்திருந்தால் சாரலுக்காவது ஆகியிருக்கும். உலகத்தின் பெரிய கப்பல் கம்பெனிகளில் ஒன்று, ஒரு வக்கீலோடு மோதக் குடைக்கடை வைத்தது என்றால் அவர் எப்படி ஆட்டி வைத்திருப்பார்!

குடைக்கு மசியாததால் சிறையைத் திறந்தார்கள். 1908 மார்ச்சில் கைது. இரண்டு கப்பல் வாங்கிய மனிதரைக் கோவைச் சிறையில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கில் பூட்டினார்கள். 1911க்குள் கம்பெனி கலைந்து கப்பல்கள் ஏலத்துக்குப் போயின. எடுத்தவர்கள் போட்டிக் கம்பெனிக்காரர்களே.

பிறகு நெடுநாள் எங்களுக்கும் இஞ்சினுக்கும் கடல் வழியாகப் பேச்சில்லை. ஆரியங்காவு கணவாயைத் தாண்டி, கொல்லத்துக்குப் பக்கத்தில் நீண்டகரை. 1952இல் இந்தியாவும் நார்வேயும் ஐ.நா.வும் கையெழுத்துப் போட்டு, மறு வருஷம் அங்கே விசைப்படகு வேலை தொடங்கியது. மறுபடியும் நார்வே, ஐஸ்கிரீம் மட்டும் இல்லை. மீனவர் நிறையப் பிடிக்க வேண்டும், உள்ளூர் ஜனங்கள் வயிறாரச் சாப்பிட வேண்டும் என்பது திட்டம். நிறையத்தான் பிடித்தார்கள். இறால் மாட்டியது. அதை அமெரிக்காக்காரன் சாப்பிட்டான். அந்த விசைப்படகுகளில் இருந்தவை டீசல் இஞ்சின்கள். எவின்ரூட்டின் வாரிசுகள் 1980களில்தான் வந்தார்கள். யமஹா, சுசுகி என்று ஜப்பான் பெயரோடு வந்து குமரி, கேரளக் கரையின் வள்ளங்களில் தொங்கினார்கள். பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது அவர்களுடைய சுபாவம். ஏட்டில் பெட்ரோல் இஞ்சின், எரிவது மண்ணெண்ணெய். டைம்லர் பார்த்திருந்தால் வம்சம் தழைத்தது என்று சந்தோஷப்பட்டிருப்பார்.

சரி, அந்த இஞ்சின்கள் எங்கே? தேடுகிறவனுக்கு முதல் எதிரி உப்பு. படகு இஞ்சின் கடல் தண்ணீரையே உறிஞ்சித் தன்னைக் குளிரவைத்துக்கொள்ளும். வார்ப்பிரும்பை அந்தத் தண்ணீர் உள்ளிருந்தே தின்றுவிடும். வெளியே முழுசாக இருக்கும், விரலால் தட்டினால் செதில் செதிலாகக் கொட்டும். அலுமினியமாக இருந்தால் உருக்குகிறவர் முந்திக்கொள்வார். சுரண்டை, ஆய்க்குடி, கடையநல்லூர்ப் பக்கத்துக் கிணற்றங்கரை ஆயில் இஞ்சின்களோ நல்ல தண்ணீர் குடித்து வளர்ந்தவை, இன்னும் கட்டை உடம்போடு இருக்கின்றன. அதனால் தென்காசியில் கிடைப்பது எல்லாம் பம்புசெட் இஞ்சின். விற்கிறவர் விடுவாரா?

"அண்ணாச்சி, வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு. கப்பல்ல இருந்து கழட்டினது."

"கப்பல்ல எதுக்குவே கவர்னர்?"

வேகத்தை ஒரே சீராக நிறுத்துகிற கருவி கவர்னர். அது வேண்டியது பம்புக்கு. படகில் பொதுவாக வேகத்தைக் கையாலேயே கூட்டிக் குறைப்பார்கள். விரலில் எச்சிலைத் தொட்டு இஞ்சினின் பெயர்த் தகட்டைத் துடைத்தால் கிர்லோஸ்கர், புனே என்று தெரிகிறது. அந்த ஆயில் இஞ்சின் கம்பெனி தொடங்கியதே 1946இல். வெள்ளைக்காரன் மூட்டை கட்டுகிற அவசரத்தில் கிணற்றுக்கு ஒன்று வாங்கிப் போட்டிருந்தால்தான் உண்டு.

பெரும்பாலும் தகடே தெரியாது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு இஞ்சினுக்குப் பச்சைப் பெயின்ட், அதன் மேல் சந்தனம், அதன் மேல் குங்குமம். முப்பது வருஷத்துப் பக்தி தகட்டில் பொறித்த எண்ணின் மேல் உறைந்து கிடக்கும். எண் இல்லாமல் எந்தப் பட்டறை, எந்த வருஷம் என்று எதையும் கண்டுபிடிக்க முடியாது.

ஆகவே உங்கள் தோட்டத்து மோட்டார் ரூமிலோ, கடற்கரைச் சொந்தக்காரர் வீட்டுப் பின்கட்டிலோ பழைய இஞ்சின் கிடந்தால், எடைக்குப் போடுவதைத் தடுக்க நான் யார். போடும் முன் மண்ணெண்ணெய்த் துணியால் தகட்டைத் துடைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் தகட்டைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பித்தளைதான், நூறு கிராம்கூடத் தேறாது.