இலவு காத்த மஞ்சள் கிளிகள்

மரத்தை அண்ணாந்து பார்த்தே விலை சொல்லிவிடுகிற ஊர் வருசநாடு. இலவ மரம் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு, மொட்டைக் கிளையில் பூவும் பிஞ்சுமாக நிற்கும்போதே வியாபாரி வந்து தோப்பைச் சுற்றுவார். நெற்றியில் கைவைத்து வெயிலை மறைத்துக்கொண்டு கிளை கிளையாக எண்ணுவார், வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பார், அப்புறம் ஒரு தொகை சொல்வார். காய் நெத்தாகி, வெடித்து, பஞ்சு கைக்கு வரச் சித்திரை பிறக்க வேண்டும். நடுவில் கோடை மழை கொட்டலாம், காற்று அள்ளிக்கொண்டு போகலாம். இருந்தாலும் முன்பணம் இன்றைக்கே கைமாறிவிடும்.

வராத பஞ்சுக்குக் காசு கட்டிப் பழகிய ஊரில், பத்தொன்பது வயசுப் பையனை டிவியில் ரெண்டு ஓவர் பார்த்துவிட்டு "இவன் தேறுவான்", "இவன் தேற மாட்டான்" என்று தீர்ப்பு சொல்ல ஆள் இல்லாமல் போகுமா? ஐபிஎல் ஏலம் வேறு பெரும்பாலும் இலவம் பூக்கிற அதே பனிக்காலத்தில்தான் வருகிறது. கடமலைக்குண்டில் பஸ் ஏறி, மயிலாடும்பாறை வழியாக வருசநாட்டில் இறங்குவதற்குள் குறைந்தது மூன்று தேர்வுக் குழுக்களைக் கடந்துவிடலாம். எல்லாமே டீக்கடை பெஞ்சில் இயங்குபவை. உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது, பயணப்படி கிடையாது. இந்தக் குழுக்களுக்குக் கல்வெட்டு இல்லை, செப்பேடு இல்லை. மூலவைகைக் கரையில் எத்தனையோ ஜமீன் கதைகளைச் சொல்லியிருக்கிறார்கள், இந்தக் கதையை மட்டும் யாரும் தொடவில்லை. அந்தக் குறையை இங்கே தீர்த்துவைக்கிறேன்.

முதல் காண்டம், 2008 பிப்ரவரி 20. மும்பையில் ஒரு நட்சத்திர ஓட்டல். ரிச்சர்ட் மேட்லி என்ற வெள்ளைக்காரர் சுத்தியலோடு நிற்கிறார். ஆள்களை ஏலம் விடுவதாவது என்று ஊர்ப் பெரிசுகள் முகம் சுளித்த நாள். ஆனால் குழு ஏற்கெனவே கூடி ஒரு முடிவுக்கு வந்திருந்தது. சென்னை அணிக்கு விக்கெட் கீப்பர் வேண்டும், நம்மிடம் தினேஷ் கார்த்திக் இருக்கிறார், முடிந்தது வேலை. "நம்ம பய இருக்கயில வெளியூர்க்காரனத் தேடிப் போவாய்ங்களா?" என்ற கேள்விக்கு பெஞ்சில் பதிலே இல்லை. கார்த்திக்கே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். இந்திய அணியோடு ஆஸ்திரேலியாவில் உட்கார்ந்து, சென்னை எடுக்குமென்று காத்திருந்தவர் அவர். முதல் கிளி.

சென்னை எடுத்தது ராஞ்சிக்காரரை. 15 லட்சம் டாலர், அன்றைய கணக்கில் 6 கோடி ரூபாய். அந்த ஏலத்திலேயே பெரிய தொகை. சென்னைக்காக ஏலத்தைக் கவனித்தவர் வி.பி.சந்திரசேகர். மறுநாள் செய்தித்தாளை விரித்த குழு கொதித்துவிட்டது. தமிழில் 'வணக்கம்' தாண்டாத ஆளுக்கு ஆறு கோடியா? கார்த்திக்கை டெல்லி 5,25,000 டாலருக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தது.

அன்றைக்கு நிதானம் இழக்காதவர் பஞ்சு வியாபாரி அண்ணன் ஒருவர்தான். மும்பையும் தோனிக்கு விடாமல் கேட்டுக்கொண்டு வந்தது, 15 லட்சத்தில் ஏன் கையைக் கீழே போட்டது என்று அந்தப் பேப்பரின் ஓரத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். ஒவ்வோர் அணிக்கும் மொத்தம் 50 லட்சம் டாலர்தான் பை. மும்பைக்கு டெண்டுல்கர் 'ஐகான்' வீரர். அணியில் அதிக விலைக்குப் போகிறவரைவிட 15 சதவீதம் கூடுதலாக அவருக்குக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். தோனிக்கு 15 லட்சம் என்றால் டெண்டுல்கருக்கு 17.25 லட்சம். ரெண்டு பேருக்கே 32.25 லட்சம் தீர்ந்தது. "ரெண்டு மரத்துக்கே மூணுல ரெண்டு பங்குக் காசக் குடுத்துட்டா, மிச்சத் தோப்ப எதக் கொண்டு பிடிக்கிறது?" என்றார் அண்ணன். சென்னைக்கு ஐகான் யாருமில்லை. இல்லாததே வசதியாகப் போயிற்று. இந்த விளக்கத்தைக் கேட்டும் குழு சமாதானமாகவில்லை. அதே ஆள்கள்தான் பிற்பாடு தோனிக்குத் 'தல' என்று பட்டம் கட்டி, ஃப்ளெக்ஸ் வைத்து, "நான் அன்னைக்கே சொன்னேன்" என்று சத்தியமும் செய்தார்கள். நம் ஊரில் வரலாறு திருத்தி எழுதப்படுவதற்கு ஆட்சி மாற வேண்டும் என்று அவசியமில்லை. ஒரு கோப்பை போதும்.

இரண்டாம் காண்டம்தான் உண்மையிலேயே ருசியானது. 2008 மார்ச் 2 அன்று கோலாலம்பூரில் பத்தொன்பது வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையை இந்தியா வென்றது. அந்தப் பையன்களை ஏலம் விடாமல் அணிகளுக்குப் பங்கு பிரித்தார்கள். விலை வாரியம் நிர்ணயித்த சில பத்தாயிரம் டாலர். குலுக்கல் வரிசைப்படி ஒவ்வோர் அணியும் தனக்குப் பிடித்த பையனைச் சொல்ல வேண்டும். தெருவில் ரெண்டு கேப்டன்கள் எதிரெதிரே நின்று ஆள் பிரிப்போமே, அதேதான். கோட்டும் டையும் மட்டும் கூடுதல்.

முதல் வாய்ப்பு டெல்லிக்கு. டெல்லிப் பையன், கோப்பை வென்ற கேப்டன், பெயர் விராட் கோலி. கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டியதுதானே? டெல்லி யோசித்தது. சேவாக் இருக்கிறார், டிவில்லியர்ஸ் இருக்கிறார், மட்டையாளர் எதற்கு? பிரதீப் சங்வான் என்ற இடது கை வேகப்பந்து வீச்சாளரைச் சொன்னது. பெங்களூரு கோலியை அள்ளிக்கொண்டது. அப்புறம் நடந்ததெல்லாம் ஊருக்கே தெரியும். கோலி அதன் பிறகு பெங்களூரை விட்டு நகரவில்லை, 2025 ஜூன் 3இல் கோப்பையையும் தூக்கினார். டெல்லி இன்னும் தூக்கவில்லை. பஞ்சாபைப் பற்றி யாரும் கேட்காததால் நானும் சொல்லவில்லை.

அமெரிக்காவில் பேஸ்பால்காரர்கள் 1965 முதல் வருசா வருசம் இப்படித்தான் பையன்களைப் பங்கு போடுகிறார்கள். அங்கேயும் டீக்கடை உண்டு, டீதான் இல்லை. 1988இல் மைக் பியாசா என்ற பையனை 62வது சுற்றில், 1,390வது ஆளாக டாட்ஜர்ஸ் அணி எடுத்தது. திறமையைப் பார்த்து எடுக்கவில்லை. அணியின் மேலாளர் டாமி லசோர்டா, பையனின் அப்பாவுக்குச் சேக்காளி. சிபாரிசு. அந்தச் சிபாரிசுப் பையன் 2016இல் அந்த ஆட்டத்தின் புகழ் மாளிகைக்குள் போனார். சம்பளம் வாங்கிக்கொண்டு பையன்களை மோப்பம் பிடிக்கிற அத்தனை பேரும் 1,389 முறை அவரைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். வருசநாட்டுக் குழுவை மட்டும் கேலி செய்வது எந்த ஊர் நியாயம்?

சரி, அந்தப் பங்கில் சென்னைக்கு வந்தது யார்? நெப்போலியன் ஐன்ஸ்டீன். நான் கட்டிய பெயர் இல்லை, அணிப் பட்டியலில் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பையன், உலகக் கோப்பைக் குழுவில் இருந்தவர். குழு துள்ளிக் குதித்தது. ஒரே பெயரில் படை நடத்த ஒரு மூளை, கணக்குப் போட ஒரு மூளை. ஒன்று தவறினாலும் இன்னொன்று காப்பாற்றுமே! ஜாதகம் பார்த்து எடுத்திருந்தால்கூட இதைவிட நல்ல பெயர் அமைந்திருக்காது. கிரிக்கெட் பெயரைப் பார்ப்பதில்லை என்பதுதான் சிக்கல்.

அதே கூட்டத்தில் சௌராஷ்டிரத்துக்காரர் ஒருவரை ராஜஸ்தான் எடுத்திருந்தது. ரவீந்திர ஜடேஜா. பெஞ்சு அவரைக் கண்டுகொள்ளவில்லை. நாலு வருசம் கழித்து 2012இல் சென்னை அவரைக் கேட்டபோது விலை 20 லட்சம் டாலர். டெக்கான் அணியும் அதே உச்ச வரம்பைத் தொட்டதால், அதற்கு மேல் ஒரு ரகசியத் தொகையைச் சீட்டில் எழுதிக் கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. அந்த ரகசியத் தொகை எவ்வளவு என்று குழுவில் நாலு பேருக்குத் தெரியும். நாலு பேரும் நாலு தொகை சொன்னார்கள்.

மூன்றாம் காண்டத்தில்தான் அழுகை. ரெண்டு வருசத் தடை முடிந்து சென்னை திரும்பியது. 2018 ஜனவரி ஏலத்துக்கு முன்னாலேயே, அஸ்வினைத் திரும்ப எடுக்க முயல்வோம் என்று தோனியே வாய்விட்டுச் சொல்லியிருந்தார். தலயே சொன்ன பிறகு மேல்முறையீடு ஏது? அஸ்வின் பெயர் வந்தது, சென்னை கையைத் தூக்கியது, விலை ஏறியது, சென்னை கையை இறக்கிவிட்டது. 7.60 கோடிக்குப் பஞ்சாப். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. சென்னை ஹர்பஜன் சிங்கை 2 கோடிக்கு எடுத்தது. தமிழ்நாட்டுச் சுழற்பந்துக்காரர் பஞ்சாபுக்கு, பஞ்சாப்காரர் சென்னைக்கு. ஹர்பஜன் சளைக்காமல் ட்விட்டரில் தமிழில் பஞ்ச் வசனம் போட ஆரம்பித்தார். அதைப் படித்துவிட்டு எங்கள் குழுவில் பாதிப் பேர் அங்கேயே கட்சி மாறினார்கள்.

மீதிப் பாதி எடுத்த ஆள்களின் வயசைக் கூட்டிப் பார்த்தது. வாட்சன் 36, தோனி 36, ஹர்பஜன் 37, தாஹிர் 38. "கிரிக்கெட் டீமா, முதியோர் பென்ஷன் லிஸ்டா? கிறுக்கு கிறுக்கா எடுத்துருக்காய்ங்கப்பே!" நாடு முழுக்க 'அப்பாமார் படை' என்று சிரித்தது. மே 27, இறுதிப் போட்டி. வாட்சன் முதல் பத்துப் பந்தில் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. பத்து பந்தும் குழுவுக்குப் பொற்காலம்: "சொன்னம்ல?" அப்புறம் 57 பந்தில் 117, கடைசிவரை அவுட் இல்லை, கோப்பை சென்னைக்கு. யார் சொன்னது, என்ன சொன்னது என்று மறுநாள் பெஞ்சில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

இதற்கு நடுவே ஒரு நியாயமான வயிற்றெரிச்சலும் உண்டு, அதில் நானும் கட்சி. சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனை 2017இல் பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது, அடிப்படை விலை 10 லட்சம். 2018 டிஎன்பிஎல்லில் மதுரை அணி கோப்பை வெல்லப் பந்து வீசிய வருண் சக்ரவர்த்தி, கட்டடக் கலை படித்தவர், 'ஜீவா' படத்தில் தலைகாட்டியவர். சென்னை அணிக்கு வலைப்பயிற்சியில் பந்து போட்டவரும்கூட. அவரையும் அந்த டிசம்பரில் பஞ்சாப்தான் 8.40 கோடிக்கு அள்ளியது, அடிப்படை விலை 20 லட்சம். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவரைப் பக்கத்துத் தெருக்காரன் வந்து பெண் கேட்டுப் போனது போல ஆயிற்று. சாய் கிஷோரை மட்டும் 2019 டிசம்பரில் 20 லட்சத்துக்கு எடுத்தார்கள். எடுத்து, ரெண்டு சீசன் ஒரு ஆட்டம்கூடக் கொடுக்காமல் உட்காரவைத்தார்கள். 2022இல் குஜராத் 3 கோடிக்குக் கூட்டிப்போனது, அந்த வருச இறுதிப் போட்டியிலேயே ரெண்டு விக்கெட் எடுத்து கோப்பையோடு வீட்டுக்குப் போனார். அந்த வருசம் சென்னை ஒன்பதாவது இடம். இதைச் சொல்லும்போது மட்டும் பெஞ்சில் யாரும் குறுக்கே பேச மாட்டார்கள்.

ஆனால் காசு கொட்டி எடுத்தவர்கள் கதையைக் கேட்டால் வயிற்றெரிச்சல் கொஞ்சம் ஆறும். 2021இல் கிருஷ்ணப்பா கௌதம், 9.25 கோடி. ஒரு ஆட்டமும் ஆடவில்லை, கோப்பை வந்தது. 2022இல் தீபக் சாஹர், 14 கோடி, காயம், முழு சீசனும் வீட்டில். 2023இல் பென் ஸ்டோக்ஸ், 16.25 கோடி. வருசநாட்டில் வெடி போட்டார்கள். அவர் ரெண்டே ஆட்டம் ஆடி 7, 8 என மொத்தம் 15 ரன் எடுத்தார். ஒரு ரன்னுக்குக் கோடிக்கு மேல். அதே ஏலத்தில் யாருக்கும் வேண்டாதவராக 50 லட்சத்துக்கு வந்த ரஹானேயை "டெஸ்ட் மேட்ச் ஆளு, டொக்கு வச்சே கொல்லுவாரு" என்று குழு ஒருமனதாக நிராகரித்திருந்தது. அவர் 172 ஸ்ட்ரைக் ரேட்டில் 326 ரன் விளாசினார். இறுதிப் போட்டியின் கடைசி ரெண்டு பந்தில் ஜடேஜா ஒரு சிக்ஸர், ஒரு ஃபோர். ஐந்தாவது கோப்பை.

குழுவின் வேண்டுதல் ஒரே ஒரு முறைதான் அப்படியே பலித்தது. 2025 சீசனுக்கு அஸ்வினை 9.75 கோடிக்குச் சென்னை எடுத்தது. ஏழு வருசக் காத்திருப்பு! மேகமலை அடிவாரம் வரைக்கும் கொண்டாட்டம். அந்த சீசனில் சென்னை பத்தாவது இடம், அதாவது கடைசி. சென்னை கடைசியில் நின்றது அதுவே முதல் முறை. ஆகஸ்ட்டில் அஸ்வின் ஐபிஎல்லிலிருந்தே ஓய்வு பெற்றுவிட்டார். சாமியிடம் கேட்கும்போது தேதியும் சேர்த்துச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும்.

கடைசியாக 2025 டிசம்பர் 16, அபுதாபி. ஜடேஜாவை ராஜஸ்தானுக்கே திருப்பி அனுப்பி, சஞ்சு சாம்சனை வாங்கிய கையோடு சென்னை ஏலத்தில் உட்கார்ந்தது. இந்தியாவுக்காக ஒரு ஆட்டமும் ஆடாத ரெண்டு பையன்கள், பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா. அடிப்படை விலை 30 லட்சம். ஆளுக்கு 14.20 கோடி. இத்தனை வருசம் அப்பாமாரை நம்பிய அணி, ஒரே மாலையில் பேரன்களைத் தத்தெடுத்துக்கொண்டது.

குழு அவசரமாகக் கூடியது. இந்தப் பையன்கள் ஆடி யார் பார்த்திருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு ஒருவரும் இல்லை. முதல் டீ முடிவதற்குள் ஒருவர் போனில் நாற்பது வினாடி வீடியோ ஒன்றைப் பிடித்துவிட்டார். ரெண்டாவது டீயில் கார்த்திக் சர்மாவின் கால் நகர்வில் கோளாறு கண்டுபிடிக்கப்பட்டது. மூன்றாவதில் பிரசாந்த் வீர்தான் அடுத்த ஜடேஜா என்றும், அடுத்த ஜடேஜா என்று சொல்லப்பட்ட எவனும் உருப்பட்டதில்லை என்றும் ரெண்டு தீர்மானங்கள் ஒரே ஆளால் முன்மொழியப்பட்டு நிறைவேறின. பஞ்சு வியாபாரி அண்ணன் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டியபடி, "28 கோடியே 40 லட்சமா? நம்ம ஏரியா இலவந்தோப்பு அம்புட்டையும் பிடிச்சுட்டு மிச்சமும் இருக்கும்யா" என்று சொல்லிவிட்டு வண்டியை உதைத்தார்.

அவர் போனதும் ஓரத்தில் அதுவரை வாய் திறக்காமல் இருந்த தம்பி ஒருவன் சொன்னான்: "அதெல்லாம் விடுங்கண்ணே. அடுத்த பெரிய ஏலத்துல சாய் கிஷோர் நம்மகிட்ட வந்துருவாப்ல. எழுதி வச்சுக்கங்க."