புலி, பருந்து, மீன்: மனுஷனாக ஒரு மனு

உலகத்தை அழிக்க வரும் வில்லனின் ரகசிய ஆசை என்னவாக இருக்கும்? சிம்மாசனம்? தங்கமலை? நினைப்புதான்! ஜப்பானின் 'சைலர் மூன்' அனிமே வில்லன்கள் சிலர் உருகி உருகி ஆசைப்பட்டது மனுஷனாக ஆவதற்கு. அதாவது பல்வலி, இ.எம்.ஐ., திங்கட்கிழமை எல்லாம் உள்ள நம்மைப் போல. பாவம், யாரும் அவர்களிடம் விசாரித்துச் சொல்லவில்லை.

1993-ல் வந்த சீசனில் அயகாஷி சகோதரிகள் நால்வர். எதிர்காலத்திலிருந்து காலத்தையே தாண்டிக் குதித்து டோக்கியோவைக் கவிழ்க்க வந்த பயங்கரிகள். கதாநாயகி சைலர் மூன் தயவில் சாதாரண மனுஷிகள் ஆனதும் செய்த முதல் காரியம்? மேக்கப் சாமான் விற்கக் கிளம்பிவிட்டார்கள்!

ஆனால் அசல் கூத்து 1995-ல், 'சூப்பர் எஸ்' சீசனில்தான். டெட் மூன் சர்க்கஸ் என்று ஒரு கூடாரம். அதில் டைகர்ஸ் ஐ, ஹாக்ஸ் ஐ, ஃபிஷ் ஐ என்று மூன்று ஸ்டைல் மன்னர்கள். வேலை, அழகான கனவு உள்ள ஒருவருக்குள் ஒளிந்திருக்கும் பெகாசஸ் என்ற பறக்கும் குதிரையைப் பிடிப்பது. மூவரும் பாரில் உட்கார்ந்து, கையில் கோப்பையோடு போட்டோ போட்டோவாகப் புரட்டி ஆளைத் தேர்ந்தெடுப்பார்கள். புலிக்கு இளம்பெண்கள். பருந்துக்கு வயதில் மூத்த பெண்மணிகள். மீனுக்கு ஆண்கள். பெண் பார்க்கும் படலம் தோற்றது போங்கள்!

அப்புறம் ஆளை வசியம் செய்து, பலகையில் பூட்டி, நெஞ்சிலிருந்து கனவுக் கண்ணாடியை வெளியே இழுத்து, அதற்குள் தலையை விட்டுப் பார்ப்பார்கள். குதிரை இல்லையா? அடுத்த போட்டோ. எத்தனை பேருடைய கனவுக்குள் தலையை விட்டார்கள்! கனவு என்றால் என்ன என்று ஒரு நாளாவது கேட்டார்களா? குதிரை... குதிரை... குதிரை!

கேட்டது மீன்தான், அதுவும் காதலில் விழுந்த பிறகு. விழுந்த இடம்? எதிரிக் கதாநாயகி உசாகியின், அதாவது சைலர் மூனின், காதலன் மாமோரு! அந்தக் குழப்பத்தில்தான் குட்டு உடைந்தது. மூவருமே சிர்கோனியா என்ற கிழ மேனேஜர் மந்திரத்தால் மனுஷ வேஷம் போட்டுவிட்ட மிருகங்கள்! சொந்தமாக ஒரு கனவுக் கண்ணாடிகூடக் கிடையாது. கான்ட்ராக்ட் மனுஷர்கள், பெர்மனென்ட் ஆக வேண்டுமானால் குதிரை வேண்டும்.

அந்தக் கம்பெனியின் மேலிடமோ இன்னும் விசேஷம். நெஹலேனியா மகாராணி, முகத்தில் சுருக்கம் விழுந்துவிடுமே என்ற பயத்தில் குடிமக்களின் கனவுகளையே தின்றவர்! அங்கே போய் மனுஷனாக அப்ளிகேஷன் போட்டால்?

கடைசியில் உசாகியின் கனவுக் கண்ணாடியைக் காப்பாற்ற, மனுஷ உருவத்தைத் தாங்கியிருந்த கொஞ்சநஞ்ச சக்தியையும் செலவழித்துவிட்டு மூவரும் பழையபடி மிருகமானார்கள். மனம் நெகிழ்ந்த பெகாசஸ் ஆளுக்கொரு கனவுக் கண்ணாடி கொடுத்து, எலிசியோன் என்ற தன் கனவு தேசத்துக்கு அழைத்துப் போனது. இத்தனை நாளும் துரத்தியவர்களுக்கே குதிரை லிஃப்ட் கொடுத்தது!

நாவோகோ தாகேஉச்சியின் மூல மங்கா காமிக்ஸில் இவ்வளவு உருக்கமெல்லாம் கிடையாது; வந்தார்கள், அடி வாங்கினார்கள், போனார்கள்.

'சூப்பர் எஸ்' சீசன் ஆங்கிலம் பேசி அமெரிக்கா போனபோது பெரிய மனிதர்களுக்கு ஒரு சங்கடம். புலி மனுஷனாகலாம், பருந்து சூட் போடலாம், குதிரை பறக்கலாம். ஆனால் ஓர் ஆண் மீன் இன்னோர் ஆணைக் காதலிப்பதா? சேச்சே, நம்பும்படியாக இருக்க வேண்டாமா! மீனுக்குப் பெண் குரல் கொடுத்து, பெண்ணாகவே மாற்றிவிட்டார்கள்.