மிலாறுக்கு ரசீது உண்டோ?

கேள்வி: எங்கள் தோட்ட லயங்களுக்கு மின்சாரமும் எரிவாயுவும் வந்துவிட்டன. விறகின் காலம் முடிந்தது என்று கணக்கெழுதிவிடலாமா?
– வாசகர், கினிகத்தேனை

பதில்: தாராளமாக எழுதலாம், அடுப்பங்கரையை எட்டிப் பார்க்காதவரை! உங்கள் பிரதேசத்து நீரின் சக்தியை விமலசுரேந்திர என்னும் பொறியியலாளர் 1918-இலேயே கணித்துக் கட்டுரை வாசித்தார். லக்சபான நீர்மின் நிலையம் 1950-இல் இயங்கத் தொடங்கியது. அந்த வெளிச்சம் பக்கத்து லயங்களை எட்டுவதற்கோ மேலும் பல தசாப்தங்கள் பிரயாணம் செய்தது. மின்சாரத்துக்கு மீட்டர் உண்டு, சிலிண்டருக்கு ரசீது உண்டு. தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டிய மலையிலிருந்து தலைச்சுமையாய் இறங்கும் மிலாறு விறகுக்கு என்ன உண்டு? குடிசனத் தொகைமதிப்போ சமையலுக்குப் பிரதான எரிபொருள் யாது என்று மாத்திரம் வினவுகிறபடியால், காலைத் தேநீருக்கு வாயுவும் இராச்சோற்றுக்கு விறகுமாக இரண்டு அடுப்பு எரியும் வீடு அந்தக் கட்டத்துக்குள் அடங்குவதில்லை. மாற்றம் ஒருவழிப் பாதையுமன்று: 2022-இல் எரிவாயு அருகியபோது கொழும்புச் சீமான்களே விறகு தேடினார்களே! ஆதலால், புள்ளிவிவரம் சொற்பமான இடத்தில், சில வீடுகளையேனும் மழைக்காலத்தில் ஒருமுறையும் வெயிற்காலத்தில் ஒருமுறையும் பார்த்து, கூரையின் கரியைக் கவனித்து, சமைப்பவரிடமே விசாரியுங்கள். வாசலில் நிற்கும் ஐயாவைக் கேட்டால், "நமக்கு எப்பவும் கேஸ்தானுங்க" என்பார்.