பேரை வெட்டினா ஆளு போயிருவானா?

வா பேராண்டி. கொழும்புல உக்காந்துகிட்டு, ஒரே அதட்டுல அம்பது சர்வரை வேலை வாங்குறியாம். பெரிய கங்காணிதான் போ! நானும் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்துப் பெரட்டுக்களத்துல பேர் போட்டவன்தான். ரெண்டு வார்த்தை கேட்டுக்க.

உன் அன்சிபிள் பிளேபுக்குல லிஸ்ட்டுன்னு ஒண்ணு இருக்கே, அது நம்ம தோட்டத்து ஆளுங்க பேர் எழுதுற செக்ரோலுதான். பேருக்கு முன்னால ஒரு சின்னக் கோடு. லூப்பு வந்து ஒவ்வொருத்தரா கூப்பிடும். முதல் ஆளுக்கு நம்பர் பூஜ்யமாம், படிச்சவங்க கணக்கு! ஒத்தை ஆளா இருந்தாலும் கோடு போட்டே எழுது. வெறும் பேரைக் குடுத்தா லூப்பு திருப்பி அனுப்பிரும். தள்ளி எழுத ஸ்பேஸ்தான். டேப்பைத் தட்டினா யாமல் கோவிச்சுக்கும்.

எல்லா சர்வருக்கும் பொதுவா குரூப் வார்ஸுல பத்துப் பேரை எழுதிட்டு, ஒரு சர்வருக்கு மட்டும் ஹோஸ்ட் வார்ஸுல அதே தலைப்புல ஒரு ஆளை எழுதினியே, பதினொண்ணு ஆச்சுன்னா நெனச்ச? ஒண்ணுதான்டா! கிட்ட இருக்கிற லிஸ்ட்டு தூரத்து லிஸ்ட்டோட சேராது, முழுங்கிரும். சேரணும்னா ரெண்டுக்கும் வேற வேற தலைப்பு வச்சு, கூட்டல் குறி போட்டுச் சேத்துக்க. ரெண்டு தரம் வந்த பேரை யூனிக்னு சொல்லி ஒண்ணாக்கு.

வேலையை விட்டுப் போனவன் பேரை லிஸ்ட்டுல வெட்டிட்டு நிம்மதியாத் தூங்குறியாமே? அவன் யூசர் கணக்கு சர்வருக்குள்ள அப்படியே சம்மணம் போட்டு உக்காந்திருக்கும். லிஸ்ட்டுல இல்லாதவனை அன்சிபிள் தேடிப் போகாது. அவன் பேரை எழுதி, ஸ்டேட்டை ஆப்சென்ட்னு போட்டாத்தான் வெளிய போவான்.

பேரை வெட்டினா ஆளு மாயமாயிருவான்னு நெனச்ச புத்திசாலி நீ மட்டுமில்ல. 1948ல பிரஜாவுரிமைச் சட்டம் போட்டு இந்திய வம்சாவளியான நம்ம தோட்டத்துச் சனத்தை லட்சக்கணக்குல நாடத்தவங்களாக்கினாங்க. 1964ல இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒக்காந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்குன்னு பிரிச்சாங்க. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பாப்போம்னு விட்டாங்க. நிறையப் பேர் கப்பல் ஏறினாங்கதான். ஆனா லிஸ்ட்டுல இல்லாதவங்களும் இங்கயே கொழுந்து பறிச்சாங்க, புள்ளை பெத்தாங்க. கடைசியா மிஞ்சினவங்களுக்குப் பிரஜாவுரிமை குடுக்க 2003ல இன்னொரு சட்டம் தேவைப்பட்டுச்சு.

அதனால லிஸ்ட்டுல கை வைக்கிறதுக்கு முன்னாடி எதையும் மாத்தாத செக் மோடுல ஒரு தரம் ஓட்டிப் பாரு. வெட்டின பெறகு சர்வருக்குள்ள போயி யாரு இருக்கான்னு எண்ணு. எழுதுறவன் லிஸ்ட்டை நம்பலாம் பேராண்டி, கங்காணி ஆளைத்தான் எண்ணணும்.